கயிறு யார் கையில்?

பொதுப் பூங்காவுக்குள் வளர்ப்பு நாயைக் கூட்டிவருபவர் அதைக் கயிற்றிலோ சங்கிலியிலோ பிடித்திருக்க வேண்டும் என்ற விதி உலகின் பல நகரங்களில் இருக்கிறது. அந்த விதியை எழுத ஒரு வரி போதும். மக்கள் அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். வாயிலில் மாட்டிய அறிவிப்புப் பலகை அதைச் சொல்லாது. அலுவலகத்துக்கு வந்த புகார்களும் சொல்லாது. புகார் எழுதுபவர் கடிபட்டவராகவோ மிரண்டு போனவராகவோ இருப்பார். கயிறில்லாத நாய் யாரையும் கடிக்காமல் வீடு திரும்பிய ஆயிரம் காலைகள் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. பூங்காவில் நின்று எண்ணினால்தான் உண்மை நிலை தெரியும்.

புதுக்கோட்டைக்கு இந்தக் கேள்வி புதிது. 1912இல் நகராட்சியாகி, 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் இது. திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் திருத்தி அமைக்கப்பட்ட நேர்கோட்டு வீதிகளைத் தாண்டி நான்கு பக்கமும் புதுநகர்கள் எழுந்துவிட்டன. அந்த வீடுகளின் கேட்டுகளில் ‘நாய் ஜாக்கிரதை’ பலகைகள் தொங்குகின்றன. ஒரு காலத்தில் காவலுக்கும் வேட்டைக்கும் மட்டும் இருந்த ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இன்று லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலரோடு சேர்ந்து தெருவில் நடைப்பயிற்சிக்கு வருகின்றன. நடப்பதற்கான இடம் மட்டும் அதே வேகத்தில் பெருகவில்லை. மூட்டுவலிக்காக நடக்கும் பெரியவரும், சறுக்குமரத்துக்கு ஓடும் குழந்தையும், வீட்டில் அடைந்து கிடந்துவிட்டு வெளியே வந்த நாயும் ஒரே பாதையில்தான் சந்தித்தாக வேண்டும்.

சென்னையில் நடந்தது

இந்தச் சந்திப்பு எவ்வளவு மோசமாக முடியலாம் என்பதைத் தமிழ்நாடு 2024 மே 5 அன்று பார்த்தது. சென்னை நுங்கம்பாக்கம், மாடல் பள்ளிச் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. காப்பாற்றப் போன தாய்க்கும் காயம். நாய்கள் கயிற்றில் இல்லை, வாய்மூடியும் இல்லை. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு பூங்காவுக்கு வரும் நாய்க்கு உரிமம், தடுப்பூசி, கழுத்துப்பட்டையுடன் கயிறு, வாய்மூடி எல்லாம் வேண்டும் என்று சென்னை மாநகராட்சி அறிவித்தது. வெறும் 50 ரூபாய் கட்டணம்தான் என்றபோதும் அதுவரை பெரும்பாலானோர் எடுக்காமலிருந்த உரிமத்துக்கு விண்ணப்பங்கள் திடீரென்று குவிந்தன. 2025இல் மைக்ரோசிப் பொருத்துவது கட்டாயமானது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்து, அதற்கான கெடுவைப் பலமுறை நீட்டித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இனங்களுக்குப் புதிதாக உரிமம் கொடுப்பதையே மாநகராட்சி நிறுத்தியது.

இத்தனை நடவடிக்கைகளிலும் எளிதில் எண்ணக்கூடியது உரிமம் மட்டுமே. எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதைக் கணினி சொல்லிவிடும். பூங்காவில் கயிறு பிடித்தவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்ல எந்தக் கணினியும் இல்லை. உரிமம் வாங்கிய வீட்டு நாயும் கயிறில்லாமல் ஓடலாம். உரிமத்தின் எண்ணிக்கையை வைத்துப் பூங்கா பாதுகாப்பாகிவிட்டது என்று முடிவு கட்டுவது ஆபத்தானது.

இனத்தைத் தடை செய்வதும் இதே போலத்தான். 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறை 23 நாய் இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்தன. எந்த இனம் என்ற விவாதம் நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருக்க, எந்த இனமானாலும் கயிறு பிடிக்கப்பட்டிருக்கிறதா என்ற எளிய கேள்வியை யாரும் தொடர்ந்து கேட்கவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

கடி விழுந்த பிறகுதான் சட்டம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றால் அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைச் செய்யாமல் விடுவதையே குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவில் இந்த அபராதத்தின் உச்சம் 1,000 ரூபாயாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 291ஆம் பிரிவு சென்னைக்குப் பொருந்துவதைப் போலவே ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் பொருந்தும்.

அதே சட்ட அமைப்பு நாயின் பக்கமும் நிற்கிறது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், விலங்கை அளவுக்கு மீறிய நேரம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டிப்போடுவதைக் கொடுமை என்கிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வளர்க்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவதும் அதே பிரிவின்படி குற்றம். நாயை நடக்கக் கூட்டிப்போவது உரிமையாளரின் கடமை என்று இதற்குப் பொருள். ஆகவே ‘பூங்காவில் நாயே கூடாது’ என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டுப் பொறுப்பை முடித்துக்கொள்ள முடியாது. விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்களைப் பூங்காவிலிருந்து அடியோடு விலக்குவதை ஏற்கவில்லை. பொது இடத்தில் கயிறு பிடிக்குமாறு உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தியது.

ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் நாயைக் கயிற்றோடுகூடக் கொண்டுபோக முடியாத இடங்கள் உண்டு. சித்தன்னவாசல் குகைக்கோயில், நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம், கொடும்பாளூர் மூவர் கோயில், திருமயம் கோட்டை ஆகியவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1959ஆம் ஆண்டின் தொல்பொருள் விதிகளில் 8ஆம் விதி, நினைவுச் சின்னத்தின் பராமரிப்புக்கு அல்லாமல் வேறு எதற்காகவும் எந்த விலங்கையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்கிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருமயம் கோட்டைக்குப் போகிறவர் வண்டியில் நாயையும் ஏற்றிக்கொண்டால், அதை வெயிலில் காருக்குள் பூட்டிவிட்டு மேலே ஏறும் நிலைதான் வரும். அது நாயின் உயிருக்கே ஆபத்து. வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

தெருநாய்களின் விவகாரம் தனி. அதற்கு 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன. 2025இல் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து உத்தரவுகளும் பிறப்பித்தது. நாய் என்றாலே பேச்சு தெருநாய்ப் பக்கம் திரும்பிவிடுவதால், உரிமையாளர் இருக்கும் நாயைப் பற்றிய கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

எண்ணுவது எப்படி

கயிறு விதியைக் கண்காணிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இரண்டு பேர், ஆளுக்கொரு நோட்டு, ஒரு கடிகாரம் போதும். எதை எண்ணுகிறோம் என்பதில் மட்டும் தெளிவு வேண்டும். பல ஊர்களில் கணக்கெடுப்பு பயனில்லாமல் போவது அங்கேதான்.

காலை ஆறு மணிக்கு நடைபாதையில் வருபவர்களைக் கவனித்தால் இது புரியும். ஒருவர் வாயில்வரை கயிற்றை இறுக்கிப் பிடித்து வருகிறார். உள்ளே நுழைந்து, அறிவிப்புப் பலகையைக் கடந்து, முதல் வளைவு திரும்பியதும் குனிந்து கொக்கியைக் கழற்றுகிறார். கயிறு துண்டுபோல் தோளுக்குப் போகிறது. நாய் புல்தரைக்கு ஓடுகிறது. அடுத்தவரின் நாயின் கழுத்தில் கயிறு இருக்கிறது, அதன் மறுமுனை தரையில் இழுபட்டுக்கொண்டு வருகிறது. அவர் கையில் இருப்பது செல்போன். மூன்றாவது குடும்பத்தில் கயிற்றைப் பிடித்திருப்பது ஏழெட்டு வயதுப் பையன். நாய் அவனைவிடக் கனம். இவர்கள் எல்லோரிடமும் கயிறு இருக்கிறது. ‘கயிறு இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் அனைவரும் விதியைக் கடைப்பிடித்தவர்களாகி விடுவார்கள்.

ஆகவே நோட்டில் எழுத வேண்டியது நாயும் மனிதரும் இணைக்கப்பட்டிருக்கிறார்களா என்பதை. கயிற்றின் ஒரு முனை நாயின் பட்டையிலும் மறுமுனை நாயை அடக்கக்கூடிய ஒருவரின் கையிலும் இருந்தால் அது ஒரு வகை. கயிறு மாட்டியிருந்தும் கையில் இல்லையென்றால் இரண்டாவது. கயிறு ஆளிடம் மட்டும் இருந்தால் மூன்றாவது. எங்குமே இல்லையென்றால் நான்காவது. சிறுவர் கையில் பெரிய நாய் இருந்தால் தனியாக ஒரு குறி. இந்த வகைகளுக்கு நடுவில் விழுபவர்களும் உண்டு. நாயைப் பெஞ்சில் கட்டிவிட்டு உடற்பயிற்சி செய்பவர், குட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர், இருசக்கர வாகனத்தை மெதுவாக ஓட்டியபடி நாயைப் பின்னால் ஓடவிடுபவர் என்று. இவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். பிறகு முடிவு செய்தால், எண்ணுபவரின் விருப்பத்துக்கேற்ப விடை வளையும்.

இடமும் முக்கியம். மேலே சொன்ன காட்சியிலேயே காரணம் இருக்கிறது: வாயிலில் நின்று எண்ணினால் விதி மதிக்கப்படுவதாகத் தெரியும், உள் வளைவில் நின்று எண்ணினால் மீறப்படுவதாகத் தெரியும். இரண்டு இடத்திலும் எண்ணினால்தான் இடையில் எத்தனை கொக்கிகள் கழன்றன என்று தெரியும். விதி இருப்பது தெரிந்தே மீறுபவர்களையும், தெரியாமல் மீறுபவர்களையும் பிரித்துக் காட்டுவது இந்த வித்தியாசம்தான். தெரியாதவருக்குப் பலகையும் விளக்கமும் போதும். தெரிந்தவருக்கு அவை போதாது.

நேரம் அடுத்தது. புதுக்கோட்டை வெயிலில் நாயை நடத்திச் செல்பவர்கள் விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் வருவார்கள். பங்குனி, சித்திரையில் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வருகை குறையும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணிவிட்டு ஊர் முழுவதற்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. வேலை நாள், விடுமுறை நாள், காலை, மாலை என்று பிரித்து, முன்கூட்டியே சீட்டுக் குலுக்கிப்போட்டு நாட்களைத் தேர்ந்தெடுப்பது முறை.

எத்தனை நாய்களை எண்ண வேண்டும்? உதாரணத்துக்கு, 40 நாய்களைப் பார்த்ததில் 28 சரியாகக் கயிற்றில் இருந்தன என்று வைத்துக்கொள்ளலாம். 70 சதவீதம் என்று எழுதிவிடலாம். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உண்மையான அளவு 56 முதல் 84 சதவீதம்வரை எங்கும் இருக்கக்கூடும் என்கிறது புள்ளியியல். 200 நாய்களைப் பார்த்து அதே 70 சதவீதம் கிடைத்தால் அந்த இடைவெளி 64 முதல் 76 வரை சுருங்கும். அபராதம் கொண்டுவந்த பிறகு கடைப்பிடிப்பு 70இலிருந்து 78 ஆகிவிட்டது என்று மார்தட்டும் முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். சின்ன எண்ணிக்கையில் தெரியும் முன்னேற்றம் தற்செயலாகவும் இருக்கலாம். ஒரு பூங்காவில் ஒரு காலையில் பத்துப் பதினைந்து நாய்களுக்கு மேல் வராத ஊரில், வாரக்கணக்கில் பொறுமையாக எண்ணினால்தான் 200 சேரும்.

எண்ணும் இருவரும் ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்காமல் எழுத வேண்டும். கடைசியில் ஒப்பிடும்போது பெரிய வேறுபாடு இருந்தால், வகைகளுக்குக் கொடுத்த விளக்கத்தில் கோளாறு இருக்கிறது என்று பொருள். யாருடைய பெயரும், வண்டி எண்ணும், புகைப்படமும் வேண்டியதில்லை. கணக்கெடுப்பது நடத்தையை, ஆளை அல்ல. இந்த உறுதியைக் கொடுத்தால் நடைப்பயிற்சிக்கு வருவோரும் ஒத்துழைப்பார்கள்.

யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர் மாறுவார் என்பதும் கணக்கில் சேர வேண்டும். காக்கியோ மாநகராட்சிச் சீருடையோ கண்ணில் பட்டதும் தோளிலிருந்த கயிறு நாயின் கழுத்துக்குத் திரும்பிவிடும். சாதாரண உடையில் ஒரு சுற்றும், சீருடையில் ஒரு சுற்றும் எண்ணினால், ஆள் நிற்பதால் மட்டும் எவ்வளவு மாற்றம் வருகிறது என்று தெரியும். காவலுக்கு ஆளை நியமிக்கலாமா என்று முடிவெடுக்க இதைவிட உதவும் தகவல் வேறில்லை.

பூங்காவில் மட்டும் எண்ணினால் அகப்படாத ஒன்று புதுக்கோட்டை போன்ற ஊர்களில் இருக்கிறது. விடிந்தும் விடியாமலும் வீட்டு கேட்டைத் திறந்துவிடுவார்கள். நாய் தானே வெளியே போய், தெருவைச் சுற்றி, காலைக்கடன் முடித்து, அரை மணியில் வீடு வந்து சேரும். கழுத்தில் பட்டை இருக்கும். பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். இதைத் தெருநாய்க் கணக்கிலும் சேர்ப்பதில்லை, வளர்ப்பு நாய்க் கணக்கிலும் சேர்ப்பதில்லை. பள்ளிக்கு மிதிவண்டியில் போகும் பிள்ளையைத் துரத்துவது பல நேரம் இந்த நாய்தான். கண்காணிப்பு பூங்காச் சுவரோடு நின்றுவிடாமல் பக்கத்துத் தெருக்களில், பட்டையோடு தனியாகத் திரியும் நாய்களையும் எண்ணினால்தான் படம் முழுமையாகும்.

கயிறு யாருக்கெல்லாம் காவல்

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டு சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகின; ரேபிஸால் 43 பேர் இறந்தார்கள். அறிகுறி வெளிப்பட்டுவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. கடிபட்டதும் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் தடுப்பூசி முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்ற கணக்கில் போடப்படுகிறது. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பதும் வழக்கம். கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆள் இருந்தால், அந்த நாய் யாருடையது, ஊசி போட்டதா, பத்தாம் நாள் உயிரோடு இருக்கிறதா என்று கேட்க ஒருவர் இருப்பார். கடித்துவிட்டு ஓடிய நாய்க்கு அப்படி ஒருவர் இல்லை. கயிற்றில் வரும் வளர்ப்பு நாய் தெருநாய்களோடு சண்டையிட்டுக் கடிபடும் வாய்ப்பும் குறைவு.

மனிதர் மட்டுமல்ல, பறவைகளும் இதில் சம்பந்தப்பட்டவை. பீட்டர் பேங்க்ஸ், ஜெசிகா பிரயன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் சிட்னி புறநகர்க் காட்டுப் பாதைகளில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாயைக் கூட்டிச்சென்ற பாதைகளில் பறவை வகைகள் 35 சதவீதமும் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைவாகக் காணப்பட்டன. அந்த நாய்கள் எல்லாமே கயிற்றில் இருந்தவை. கயிற்றிலிருந்த நாய்க்கே இப்படி என்றால், அவிழ்த்துவிட்ட நாய் என்ன செய்யும் என்று மயில்களுக்குப் பெயர்போன விராலிமலை யோசிக்க வேண்டும். தரையில் முட்டையிட்டு அடைகாக்கும் பறவை மயில். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைப் பார்த்து விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனங்கள். எதிரில் மயில் ஓடும்போது ‘நில்’ என்ற குரலுக்கு அவை நிற்கும் என்று எதிர்பார்ப்பது வீண். மலையடிவாரத்தில் கயிறு விதி வந்தால், அதன் முதல் பயனாளி மயிலாகவே இருக்கும்.

எண்ணிய பிறகு

பிரிட்டனில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் உள்ளாட்சிகள் ஒவ்வொரு பூங்காவுக்கும் தனி உத்தரவு போடலாம். மீறினால் அந்த இடத்திலேயே அபராதச் சீட்டு. அதிலும் கவனிக்கத்தக்க ஏற்பாடு ஒன்று உண்டு. சில இடங்களில் நாய் அவிழ்ந்திருக்கலாம், ஆனால் அதிகாரி ‘கயிற்றில் மாட்டுங்கள்’ என்று சொன்னதும் மாட்டியாக வேண்டும், மறுத்தால்தான் குற்றம். சிங்கப்பூரில் பொது இடத்தில் எல்லா நாய்க்கும் கயிறு கட்டாயம், ஆபத்தானவையாகப் பட்டியலிடப்பட்ட இனங்களுக்கு வாய்மூடியும் சேர்த்து. ஆனால் அதே அரசு, வேலியிட்ட ஓட்டக்களங்களைப் பூங்காக்களுக்குள் கட்டி, அங்கே அவிழ்த்துவிட அனுமதிக்கிறது. ஹைதராபாத் மாநகராட்சியும் 2018இல் கொண்டாப்பூரில் நாய்களுக்கென்றே ஒரு பூங்காவைத் திறந்தது. ஓட இடமே கொடுக்காமல் கயிற்றை மட்டும் கட்டாயமாக்கினால், வளைவு திரும்பியதும் கொக்கி கழலும். மிருகவதைத் தடுப்புச் சட்டம் சொல்லும் உடற்பயிற்சிக்கும் வழி இருக்காது.

புதுக்கோட்டை மாநகராட்சி இன்னும் பெரிய நகரத்தின் சிக்கல்களுக்குள் போகவில்லை. இது சாதகம். பூங்காவில் ஒரு குழந்தை குதறப்பட்ட பிறகு அவசர அவசரமாக விதி எழுத வேண்டிய நிலை சென்னைக்கு வந்தது. இங்கே அதற்கு முன்பே எண்ணத் தொடங்க முடியும். கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைக் கொண்டு, கால்நடை மருத்துவர் ஒருவரின் வழிகாட்டலில், இரண்டு மாதத்துக்குள் முதல் கணக்கை எடுத்துவிடலாம். விதியை அறிவித்த ஒரு மாதம் கழித்து இரண்டாவது கணக்கு, ஆறு மாதம் கழித்து மூன்றாவது. இரண்டாவதில் கூடி மூன்றாவதில் சரிந்தால், ஆரம்பச் சூடு தணிந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான இடங்களில் யாரும் மூன்றாவது முறை எண்ணுவதில்லை.

அந்தக் கணக்கு அபராதம் விதிக்க மட்டும் பயன்பட வேண்டியதில்லை. நோட்டில் எந்த மணிக்கு எத்தனை நாய்கள் வந்தன என்பதும் இருக்கும். குழந்தைகள் எப்போது வருகிறார்கள் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளலாம். இரண்டும் அதிகம் மோதாத ஒரு மணி நேரத்தை விடிகாலையில் கண்டுபிடித்து, பூங்காவின் ஒரு மூலையை வேலி அடைத்து, அந்த நேரத்தில் அங்கே மட்டும் நாய்கள் அவிழ்ந்து ஓடலாம் என்று அறிவிக்கலாம். தடுப்பூசிச் சான்று காட்டுபவருக்கு மட்டும் அந்த வேலிக்குள் அனுமதி என்றால், தனியாக முகாம் போடாமலே ஊசி போட்ட நாய்களின் எண்ணிக்கை கூடும். வேலிக்கு வெளியே, எந்த நேரமானாலும், கயிற்றின் மறுமுனை பெரியவர் ஒருவரின் கையில் இருக்க வேண்டும்.